"இதுக்காகவா சண்டை போட்டோம்?" – முன்னாள் படைவீரர்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

போருக்குப் போய்த் திரும்பியவர்கள், அதன்பிறகு மாறிப்போன சமூகத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளில் எட்டுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வாய்மொழி வரலாறு பதிவு செய்பவர்களும் முதியோர் மனநலத் துறையில் இருப்பவர்களும் சேர்ந்து எழுதியவை இவை.

என் தாத்தா போரில் இருந்தவர். செய்தி பார்க்கும்போதெல்லாம் "இதுக்காகவா நாங்க சண்டை போட்டோம்?" என்கிறார். என்ன தாத்தா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறார். பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் 'அந்தக் காலம் போல வருமா' என்ற புலம்பல்தானா இதுவும்?

அப்படி எடுத்துக்கொண்டால் அவர் சொல்ல வந்தது உங்கள் கையை விட்டுப் போய்விடும். மற்ற முதியவர்கள் இன்றைய நாளைத் தங்கள் இளமைக் காலத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். படைவீரர் பெரும்பாலும் தனக்குக் கொடுக்கப்பட்ட வாக்கோடு வைத்துப் பார்க்கிறார். நிலம், வேலை, வீடு, விடுதலை, சம மரியாதை என்று ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் அவரைப் படைக்கு அழைத்திருப்பார்கள். கட்டாயத்தின் பேரில் போனவருக்குக்கூட 'திரும்பி வந்தால் எல்லாம் மாறியிருக்கும்' என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டிருக்கும். அந்த வாக்கு என்ன என்று தெரியாமல் அவருடைய கோபத்தை யாராலும் புரிந்துகொள்ள முடியாது.

முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் பிரதமர் லாயிட் ஜார்ஜ், வீரர்கள் வாழத் தகுந்த நாடாக இதை ஆக்குவோம் என்றார். 1919-ல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் மூன்று ஆண்டுகளில் 5 லட்சம் வீடுகள் கட்டுவதாகத் திட்டம். 1921-ல் செலவைக் குறைக்கிறோம் என்று அரசு கையை இழுத்துக்கொண்டது. சொன்னதில் பாதிகூடக் கட்டி முடிக்கப்படவில்லை. அமெரிக்காவில் அதே போரின் வீரர்களுக்கு 1924-ல் ஒரு ஊக்கத்தொகை அறிவித்தார்கள். ஆனால் முழுப் பணமும் 1945-ல்தான் கைக்கு வரும். இடையில் பெருமந்தம் என்ற பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வேலையிழந்த வீரர்கள் 1932 கோடையில் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனுக்கு வந்து கூடாரம் போட்டு, பணத்தை இப்போதே கொடுங்கள் என்று கேட்டார்கள். ஜூலை 28 அன்று அவர்கள் நாட்டின் ராணுவமே கண்ணீர்ப்புகை வீசி அவர்களை விரட்டியது, கூடாரங்கள் எரிந்தன.

அந்த அவமானம் மறக்கப்படவில்லை. 1944-ல், அடுத்த போர் முடிவதற்குள்ளாகவே, திரும்பி வருபவர்களுக்கென்று ஒரு சட்டம் நிறைவேறியது. கல்லூரிக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை, வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம், வேலை கிடைக்காதவருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். தந்தையும் மகனும் ஒரே நாட்டுக்காக இரண்டு போர்களில் சண்டையிட்டார்கள் என்று வையுங்கள்: பின்னால் வந்த மாற்றங்களை அவர்கள் ஒரே கண்ணால் பார்க்கவே முடியாது. மகன்களின் தலைமுறையிலும் எல்லோருக்கும் ஒரே நியாயம் கிடைத்துவிடவில்லை. 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் இந்தச் சட்டப்படி உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2.

தாத்தா வாயை மூடிக்கொள்வதற்குக் காரணம் நீங்கள் கேட்கும் விதமாக இருக்கலாம். "என்ன தாத்தா?" என்பது அவர் காதில் 'விளக்கம் சொல்லுங்கள்' என்பதாக விழும். இரண்டு வாரம் கேள்வியே கேட்காதீர்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறியுங்கள்: தேதி, திரையில் அப்போது ஓடிய செய்தி, அவர் கூடுதலாக உதிர்த்த சொல். பத்துப் பன்னிரண்டு குறிப்பு சேர்ந்ததும் ஒரு பாங்கு தெரியும். ஊழல் செய்திக்கு மட்டும் சொல்கிறாரா, இளைஞர்கள் வேலை இல்லாமல் நிற்பதற்கா, தலைவர்கள் சிலைக்கு மாலை போடும்போதா? பிறகு ஒரு நாள் டிவி அணைந்திருக்கும் நேரத்தில், "படையில சேரும்போது உங்ககிட்ட என்ன சொன்னாங்க தாத்தா?" என்று கேளுங்கள். அது நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய கேள்வி என்பதால் பதில் சொல்வது எளிது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அவர் இறந்துபோன தோழர்கள் சார்பிலும் பேசுகிறார். 'நாங்க' என்று அவர் சொல்லும்போது அதில் எத்தனை பேர் அடக்கம் என்று கேட்டால், பெயர்கள் வரக்கூடும்.

நான் வரலாற்று ஆசிரியை. முன்னாள் வீரர்கள் என்றாலே மாற்றத்தை எதிர்ப்பவர்கள், ஒழுங்கும் கட்டுப்பாடும் வேண்டும் என்பவர்கள் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையா?

ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத்தைப் பாடமாக எடுங்கள். 1918 டிசம்பரில், முதல் உலகப் போரில் தோற்று மன்னராட்சி விழுந்தபின் புதிதாகப் பிறந்த குடியரசைப் பின்னாளில் வெளிப்படையாகவே எதிர்த்த 'ஸ்டால்ஹெல்ம்' என்ற முன்னாள் வீரர் சங்கம் அங்கேதான் தொடங்கியது. 1924 பிப்ரவரியில், குடியரசைக் காப்பதற்கென்றே 'ரைஷ்பேனர்' என்ற சங்கம் தொடங்கியதும் அதே நகரத்தில்தான். அதிலும் முன்னாள் வீரர்கள்தான் பெரும்பான்மை. ஒரே பதுங்குகுழிகளில் கிடந்தவர்கள், திரும்பி வந்து எதிரெதிராக நின்றார்கள்.

போரில் இருந்ததால் ஒருவருடைய கருத்து எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. ஆனால், எந்தக் கருத்தானாலும் அதற்கு அழுத்தம் கூடுகிறது. 'அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, நான் விலை கொடுத்தவன்' என்ற எண்ணம் பின்னால் நிற்கிறது. கறுப்பின அமெரிக்கரான மெட்கர் எவர்ஸ் இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸில் பணியாற்றிவிட்டு 1946-ல் மிசிசிப்பி திரும்பி, சொந்த ஊரில் வாக்களிக்கப் போனபோது ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவர் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தின் முன்னணித் தலைவரானார், 1963-ல் கொல்லப்பட்டார். பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அகமது பென் பெல்லா இத்தாலியில் பிரெஞ்சுப் படையில் சண்டையிட்டு விருது வாங்கியவர். 1945 மே மாதம் செட்டிஃப் வட்டாரத்தில் அல்ஜீரியர்கள் மீது பிரெஞ்சுத் தரப்பு நடத்திய படுகொலை அவரை அதே பிரான்ஸுக்கு எதிராகத் திருப்பியது. மாற்றம் போதவில்லை என்று கொதித்தவர்கள் இவர்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: வீரர் ஒருவரின் கருத்தைப் படித்ததும், அவர் எந்தப் பதவியில் இருந்தார், கட்டாயத்தில் சேர்ந்தாரா விரும்பிச் சேர்ந்தாரா, திரும்பியதும் முதல் ஐந்து ஆண்டில் என்ன வேலை செய்தார் என்ற மூன்றையும் தேடச் சொல்லுங்கள். எந்தப் போர்முனையில் இருந்தார் என்பதைவிடக் கடைசிக் கேள்விதான் பல நேரம் அதிகம் விளக்கும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவரிடம் பேட்டி எடுத்துப் பதிவு செய்ய ஆசை. கையில் இருப்பது செல்போன்தான். எப்படித் தொடங்குவது, எதைக் கேட்பது?

செல்போன் போதும். தவறு நடப்பது பெரும்பாலும் இடத்திலும் கேள்வியிலும்தான்.

முதலில் காது. துப்பாக்கிச் சத்தத்தில் இருந்தவர்களுக்குக் கூர்மையான ஒலிகள் முதலில் மங்கும். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுட்டவருக்குக் குழல்முனை இடது காதுக்கு அருகில் இருப்பதால் அந்தக் காதுதான் பொதுவாக அதிகம் கெட்டிருக்கும். ஆகவே எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கம் உட்காருங்கள். கத்த வேண்டாம், நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள், உங்கள் வாய் அவருக்குத் தெரியட்டும். பேட்டி பாதியில் பிசகுவதற்கும், 'பெரியவருக்கு விருப்பமில்லை' என்று நாம் முடிவு கட்டுவதற்கும் பல சமயம் காரணம் கேள்வி காதில் விழாததுதான்.

மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி இரண்டையும் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். காலி அறையில் எதிரொலிக்கும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறை நல்லது. போனை மேசைமேல் நேரடியாக வைக்காமல் மடித்த துண்டின்மேல், அவர் வாயிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டரில் வையுங்கள். சட்டையில் மாட்டும் மைக் இருந்தால் தாடைக்கு ஒரு சாண் கீழே, துணி உரசாத இடத்தில் மாட்டலாம். விமானப் பயன்முறையில் போடுங்கள். அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும். வேவ் (WAV) என்ற, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் ஒரு தடத்துக்கு மணிக்கு அரை ஜிபி இடம் பிடிக்கும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஒரு அமர்வு 60 முதல் 90 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். குறைந்தது இரண்டு அமர்வுகள், இடையில் ஒரு வாரமாவது இருக்கட்டும். முதல் நாள் சொன்னது அந்த வாரம் முழுக்க அவருக்குள் ஓடும். இரண்டாம் நாள் வருவதுதான் பெரும்பாலும் ஆழமானது.

கேள்விக்கு வருவோம். போரில் தொடங்காதீர்கள். பிறந்த வீடு, பள்ளி, முதல் வேலை, சேர்ந்த நாள் என்று வாருங்கள். போரைப் பற்றி அவர் சொல்லும் அளவு சொல்லட்டும். உங்கள் நோக்கம் அதன் பிறகான காலம். "சமுதாயம் எப்படி மாறியிருக்கு?" என்று கேட்டால், ஆயிரம் முறை மேடையில் கேட்ட பதிலே திரும்ப வரும். அதற்குப் பதிலாக: திரும்பிய அன்று கதவைத் திறந்தது யார்? சீருடையை என்ன செய்தீர்கள்? முதல் சம்பளம் எங்கே, எவ்வளவு? நீங்கள் இல்லாதபோது வீட்டில் யார் முடிவெடுக்கத் தொடங்கியிருந்தார்கள்? போருக்குப் போகாதவர்கள் உங்களிடம் எப்படிப் பேசினார்கள்? பிறகு பத்துப் பத்து ஆண்டாக நகருங்கள்: பிள்ளைகள் படித்த காலம், ஓய்வு பெற்ற ஆண்டு, பேரப் பிள்ளைகளின் திருமணம். ஒவ்வொரு கட்டத்திலும், "அப்போ உங்களுக்குப் பிடிச்ச மாற்றம் ஒண்ணு, பிடிக்காத மாற்றம் ஒண்ணு" என்று கேளுங்கள். பிடித்ததை முதலில் கேட்பது முக்கியம். குறையை மட்டும் கேட்டுப் பழகிய நமக்கு, பெண்கள் படித்ததையும் வைத்தியம் எளிதானதையும் அவர் எவ்வளவு மகிழ்ச்சியோடு பார்த்திருக்கிறார் என்பது தெரியாமலே போயிருக்கும்.

பதில் முடிந்ததுபோல் தோன்றினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனத்தில்தான் அடுத்த வாக்கியம் வரும். மனைவியோ மகனோ பக்கத்தில் இருந்தால் கதை மாறும். ஒரு அமர்வாவது தனியே எடுங்கள், அவர் மனைவியிடமும் தனியே எடுங்கள். காத்திருந்தவரின் கணக்கு வேறு.

இந்தப் பதிவை யார் கேட்கலாம், எப்போது, பெயரோடா பெயரில்லாமலா என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பகுதியையும் பின்னர் நீக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்றும் எழுதுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு வீட்டில். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். அவர் பேச்சுவழக்கை மேடைத் தமிழாகத் திருத்தி எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

பேட்டியில் அப்பா சொன்ன ஆண்டுகள் அவருடைய பணிப்பதிவோடு ஒத்துப்போகவில்லை. திருத்திச் சொல்லலாமா?

பதிவு ஓடும்போது வேண்டாம். திருத்தினால் அடுத்து அவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசத் தொடங்குவார். சொன்னதை அப்படியே வைத்து, ஆவணத்தின் தேதியை எழுத்துப் பிரதியின் ஓரத்தில் குறியுங்கள்.

பிசகுக்கும் ஒரு காரணம் இருக்கும். இத்தாலியின் டெர்னி நகரில் 1949 மார்ச்சில், அமெரிக்கா முன்னின்ற நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேர்வதை எதிர்த்து ஊர்வலம் போன இளம் தொழிலாளி ஒருவர் போலீசாரோடு நடந்த மோதலில் இறந்தார். பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, தொழிலாளர் பலர் அது 1953-ல், ஆலையில் பெருமளவு வேலைநீக்கம் நடந்த நேரத்தில் நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் வாழ்க்கையை உடைத்தது 1953-ன் தோல்வி. சாவை அதோடு சேர்த்தால்தான் அவர்களுக்குப் பொருள் விளங்கியது. உங்கள் அப்பா எந்த நிகழ்ச்சியை எந்த ஆண்டுக்கு நகர்த்தியிருக்கிறார் என்று பாருங்கள். அந்த ஆண்டில் வேறென்ன நடந்தது என்று தேடுங்கள். 15 முதல் 25 வயது வரையிலான நினைவுகள்தான் முதுமையில் மிகுதியாக எழுகின்றன. அதனால் போர்க்காலம் தெளிவாகவும் அதன் பிந்தைய இருபது ஆண்டு மங்கலாகவும் வருவது இயல்பு. சம்பளச் சீட்டு, திருமண அழைப்பிதழ், பழைய புகைப்படத்தின் பின்பக்கக் குறிப்பு இவற்றைக் கையில் கொடுத்தால் மங்கலான ஆண்டுகள் பேசத் தொடங்கும்.

போரில் பங்கெடுத்த பெண்களின் பார்வை எங்கேயும் காணோமே, ஏன்?

பேச வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதால். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் சுமார் 8 லட்சம் பெண்கள் இருந்தார்கள். 1945 ஜூலையில் சோவியத் அரசுத் தலைவர் மிகயில் கலினின், விடுவிக்கப்பட்ட பெண் வீரர்களிடம், உங்கள் சேவையை நீங்களே எடுத்துப் பேசாதீர்கள், மற்றவர்கள் பேசட்டும் என்ற பொருளில் அறிவுரை சொன்னார். மற்றவர்கள் பேசவில்லை. படையில் இருந்தவள் என்றால் ஒழுக்கம் பற்றி ஊர் வாய் பேசும் என்று அஞ்சி, பலர் பதக்கங்களை ஒளித்து வைத்தார்கள்.

எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை கேட்டுப் போரிட்ட எரித்திரிய விடுதலைப் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். போர்முனையில் ஆணுக்கு நிகராக இருந்து, தாங்களே துணையைத் தேர்ந்து மணந்தவர்கள். 1991-ல் வென்று ஊர் திரும்பியபோது, கணவர் குடும்பங்கள் பல அவர்களை ஏற்கவில்லை, விவாகரத்துகள் நடந்தன. இவர்களுக்குப் பிந்தைய மாற்றம் என்பது பின்னோக்கிய நடையாகவே தெரிந்தது. சியாரா லியோனின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்களில் ஆயுதத்தை ஒப்படைப்பவருக்கே மறுவாழ்வு உதவி என்று நடைமுறை வைத்தபோது, சுமை தூக்கியவர்களாகவும் சமைப்பவர்களாகவும் வைக்கப்பட்டிருந்த பெண்களும் சிறுமிகளும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

பெண் வீரரிடம் பேட்டி எடுப்பதாக இருந்தால், பெண் ஒருவர் கேட்பது நல்லது. திருமணத்தின்போது படையில் இருந்ததைச் சொன்னாரா மறைத்தாரா என்பது அவர் பார்வையைத் திறக்கும் கேள்வி. ஆனால் அதை இரண்டாம் அமர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாமாவுக்கு மூச்சு வாங்கியது, கை நடுங்கியது. பயந்து நிறுத்திவிட்டேன். சரிதானா?

நிறுத்தியது சரி. பேச்சு திடீரென்று நிகழ்காலத்துக்கு மாறுவது, பார்வை ஒரே இடத்தில் நிலைப்பது, வியர்ப்பது எல்லாம் அவர் நினைவுகூர்வதைத் தாண்டி அதற்குள்ளேயே போய்விட்டார் என்பதற்கு அறிகுறிகள். பதிவை நிறுத்துங்கள். கேட்காமல் தொடாதீர்கள். அவர் பெயரைச் சொல்லி, இன்றைய தேதியைச் சொல்லி, இருவரும் எந்த அறையில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். நெஞ்சுவலியும் இருந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனை. எந்த அமர்விலும் கடைசி 15 நிமிடம் சாதாரணப் பேச்சுக்கு ஒதுக்குங்கள், மறுநாள் தொடர்புகொண்டு விசாரியுங்கள்.

இதற்குச் சிகிச்சை உண்டு. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்தப் பாதிப்பை, 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்' (PTSD) என்ற பெயரில், தன் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தது. வியட்நாம் போர் வீரர்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் பல ஆண்டு வற்புறுத்திய பிறகு நடந்தது அது. 'நான் ஏன் உயிரோட இருக்கணும்' என்ற ரீதியில் பேசினால் தனியே விடாதீர்கள். மாத்திரை, ஆயுதம், பூச்சிமருந்தை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பழைய எதிரி நாட்டோடு இன்று வணிகம், நட்பு. மாமனாரால் இதைத் தாங்க முடியவில்லை. எல்லா வீரர்களும் இப்படித்தானா?

இல்லை. அமெரிக்கப் போர் விமானியாக இருந்து பின்னர் செனட்டரான ஜான் மெக்கெய்ன், வியட்நாம் போரின்போது 1967 அக்டோபரில் ஹனோயில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஐந்தரை ஆண்டு சிறையில் சித்திரவதை அனுபவித்தவர். 1995-ல் வியட்நாமோடு அமெரிக்கா உறவை மீண்டும் ஏற்படுத்தியபோது அதற்காக முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அதே நேரம், காணாமற்போன தோழர்களின் கணக்கு தீராமல் உறவா என்று எதிர்த்த வீரர்களும் ஏராளம். எதிர்ப்பின் அடியில் இப்படி ஒரு முடிவு தெரியாத கணக்கு இருக்கிறதா என்று மாமனாரிடம் கேளுங்கள். 'மன்னிச்சிடலாமே' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

நினைவு நாள் விழாவுக்கு அழைத்தால் சித்தப்பா வர மறுக்கிறார். வற்புறுத்தலாமா?

வேண்டாம். விழாவைத் தங்கள் வாழ்வோடு தொடர்பில்லாத அரசு நிகழ்ச்சியாகப் பார்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, காரணமும் உண்டு. சோவியத் நாட்டில், ஜெர்மனியை வென்றதைக் கொண்டாடும் வெற்றி நாள் 1948 முதல் 1964 வரை விடுமுறை நாளாகவே இல்லை. 1965-ல் அணிவகுப்போடு திரும்ப வந்தபோது, அந்த இடைக்காலத்தில் ஊனத்தோடும் வறுமையோடும் போராடியவர்கள் பலர் உயிரோடு இல்லை.

கூட்டத்துக்கு வராதவர் நினைவிடத்துக்கு வரமாட்டார் என்று பொருளில்லை. வாஷிங்டனில் 1982-ல் திறந்த வியட்நாம் நினைவுச் சுவரில் பதவி இல்லாமல், இறந்த தேதி வரிசையில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். ஒரே நாளில் வீழ்ந்தவர்கள் பக்கம் பக்கமாக இருப்பதால், தோழர்களைத் தேடி வருபவருக்கு ஒரே இடத்தில் நின்றால் போதும். விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, காலை வேளையில், மடக்கு நாற்காலி ஒன்றையும் எடுத்துக்கொண்டு சித்தப்பாவை மட்டும் அழைத்துப் பாருங்கள். அங்கே நீங்கள் சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.